இத்தா வீட்டுக்குப் பூட்டு கிடையாது

வலம்புரிப்பட்டினத்தில் பெண்கள் வீடு மாறுவதில்லை, மாறுகிறவர்கள் ஆண்கள். பெண் பிறந்தால் அவள் பேருக்கு ஒரு வீடு, முடியாதவன் ஒரு கட்டாவது எழுதிவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவான். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்வான். கொழும்புக்குப் போனாலும் துபாய்க்குப் போனாலும் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவது அந்த வாசலில்தான். அகமது கபீரும் அப்படி, பிறந்த வீட்டைத் தங்கை தாஜுன்னிசாவுக்கு விட்டுவிட்டு, இருபத்தாறு வயதில் ஒரு தகரப்பெட்டியோடு மூன்று தெரு தள்ளி மேலத்தெருவுக்குப் போனவர். போய் நாற்பத்தேழு வருடம் ஆகிறது.

அதனால் மகள் சூஃபியா ஒரு டிசம்பர் மாலையில் கைப்பேசியை அவர் முன்னால் நீட்டி, வாக்காளர் பட்டியலிலிருந்து மாமியின் பேரை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னபோது அவருக்கு முதலில் புரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தாஜுன்னிசா, வயது அறுபத்துநான்கு, கணவர் பெயர் சீனி இபுராகிம், பழைய வீட்டு எண். எதிரே காரணம்: 'நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்'.

கபீர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். முதுகு வழக்கத்தைவிட நேராக நிமிர்ந்துகொண்டது. கோபம் வந்தால் அவர் குரல் உயராது, முதுகுதான் உயரும்.

தங்கையின் கணவர் சீனி இபுராகிம் மவுத்தானது அக்டோபர் ஐந்தாம் தேதி. அன்றிலிருந்து தாஜுன்னிசா இத்தா இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள், விதவையானவள் கணவனோடு வாழ்ந்த வீட்டிலேயே அடங்கி இருக்க வேண்டும்; அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. அந்த ஊரில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லக்கூடிய மோசமான வார்த்தைகளில் ஒன்று, 'இத்தா முடியுமுன்னே படி தாண்டினாள்' என்பது. நூற்றைம்பது வருடமாகக் கடல் வியாபாரத்தில் பேர் சொன்ன குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெண்ணைப் பற்றி அந்த வார்த்தையை, முத்திரை போட்ட பட்டியலில், ஊர் உலகம் பார்க்கும்படி அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது.

கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. அதை அவர் மகளிடம் சொல்லவில்லை.

நவம்பர் ஆறாம் தேதி, மழை. கபீர் தங்கை வீட்டு முன்கட்டில் உட்கார்ந்திருந்தார். பாலித்தீன் பையில் சுற்றிய காகிதக் கட்டோடு ஓர் இளைஞன் வாசலில் வந்து நின்றான். பேர் பாண்டீஸ்வரன், தொடக்கப் பள்ளி வாத்தியார், இந்தத் தெருக்களின் வாக்குச்சாவடி அலுவலராகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டான். தாஜுன்னிசா என்கிறவுக இருக்காகளா என்று கேட்டான். அந்நியன் ஒருவன் தெருவில் நின்று தங்கையின் பேரைச் சொன்னதே கபீருக்குப் பிடிக்கவில்லை. வாக்காளர் பட்டியலை வீடு வீடாகத் திருத்துகிறார்கள், அவள் கையில் படிவம் கொடுக்க வேண்டும், போட்டோ ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவன் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"அவ என் தங்கச்சி. மாப்பிள்ளை மவுத்தாயி இன்னும் நாப்பது நாள் ஆகலை. அவளைப் பார்க்க முடியாது. அவ விஷயம் எதுன்னாலும் இனி என்கிட்டதான், மேலத்தெருவுல என் வீட்டுக்கு வா. இத்தா வீட்டு வாசல்ல நின்னு பொம்பளை போட்டோ கேக்குற. எந்த ஊருப்பா உனக்கு?"

கடலாடிக்கு மேற்கே ஒரு ஊரின் பேரைச் சொல்லிவிட்டு அவன் மழையில் இறங்கிப் போனான். மேலத்தெருவுக்கு வரவில்லை. கபீரும் அவனை மறந்துவிட்டார். அடுத்த வாரம் தாஜுன்னிசா இரண்டு தடவை கேட்டாள்: எல்லார் வீட்டுக்கும் படிவம் வருகிறதாமே, நம் வீட்டுக்கு வரவில்லையா என்று. வரும், வரும் என்று சொல்லிவைத்தார்.

இப்போது அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு போனார். தாஜுன்னிசா வெள்ளைச் சேலையில், உள்கட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தாள்.

"என்னன்னு எழுதிருக்காங்க, காக்கா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"இடம்பெயர்ந்துட்டன்னு."

அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். கட்டில், தொழுகைப் பாய், தண்ணீர்ச் செம்பு.

"எங்க போனேனாம்?"

பத்தே நாளில் சரிபண்ணிவிடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கபீர் எழுந்தார். அவர் மனக்கணக்கு அப்போது வேறாக இருந்தது. சத்தமில்லாமல் பேரைச் சேர்த்துவிட வேண்டும், அந்தப் பட்டியல் யார் கண்ணிலும் படாமல் போய்விட வேண்டும், தான் வாசலில் பேசியதும் அதோடு போய்விட வேண்டும்.

அதற்கு வழி சொன்னவன் உறவுக்காரப் பையன் இர்பான். தேர்தல் வந்தால் எந்தக் கட்சிக்கும் பூத்தில் உட்காருகிற ஆள். படிவம் ஆறு என்று ஒன்று இருக்கிறது, புது வாக்காளருக்கு உள்ளது, அதை நிரப்பிக் கொடுத்தால் பழையதைக் கிளற வேண்டாம், மாமி எங்கேயும் வர வேண்டாம், கையெழுத்து ஒன்று போதும் என்றான். கபீருக்கு அது தேனாக இனித்தது. படிவத்தை அவனையே நிரப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்த் தங்கையிடம் பேனாவோடு நீட்டினார்.

தாஜுன்னிசா எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. கப்பலில் இருந்த புருஷனுக்கு முப்பது வருடம் கடிதம் எழுதியவள், வந்த கடிதத்தை வரிக்கு வரி படித்தவள். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"இதுல என்னைப் புதுசுன்னுல்ல போட்டிருக்கு. இதுக்கு முந்தி எந்தப் பட்டியல்லயும் என் பேரு இல்லைன்னு நான் உறுதி சொல்லணுமாம்."

"அது சும்மா ஒரு வழக்கம், தாஜு. யாரு படிக்கப் போறா?"

"நான் படிச்சுட்டேன்ல? நாப்பது வருசமா ஓட்டுப் போடுறேன், காக்கா. இன்னைக்குத்தான் புதுசா வாரேன்னு எழுதிக் குடுத்தா, இதுவரைக்கும் போட்ட ஓட்டையெல்லாம் போட்டது யாரு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து துணி தைத்து எடுத்துவருகிற சத்யப்பிரியாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஆறு வயதில் தாயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படகில் வந்து இறங்கியவள். முப்பத்தைந்து வருடமாக இந்தக் கரையில்தான் இருக்கிறாள்; மூன்று பிள்ளைகளை இங்கேதான் பெற்றாள்; ஓட்டு மட்டும் கிடையாது. ஒவ்வொரு தேர்தல் முடிந்த பிறகும் துணி கொடுக்க வரும்போது தாஜுன்னிசாவின் விரலைப் பிடித்து அந்த மையைப் பார்ப்பாள். தொட்டுத் தேய்த்துப் பார்ப்பாள், அழியுமா என்று.

"ஒருநாள் எனக்கும் வைப்பினம் அக்கான்னு சொல்லுவா. எல்லாக் கடுதாசியும் இருக்கிற நான், அவளுக்கு இந்தத் தடவை என்னத்தைக் காட்டுறது? ஒரு பேரை எடுக்கிறது இவ்வளவு லேசுன்னா, நாளைக்கு வேற எதையும் எடுப்பாங்க. எடுத்தவங்கதான் வைக்கணும். எடுத்தது தப்புன்னு எழுதிட்டு வைக்கணும்."

வாப்பாவின் பிடிவாதம் ஆண்பிள்ளைக்கு மட்டும் வந்ததாகக் கபீர் இத்தனை நாள் நினைத்திருந்தார். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, சூஃபியாவை உட்காரவைத்து ஆட்சேபனை மனு எழுதினார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். அந்த வாக்குச்சாவடியின் நீக்கல் பட்டியல் முழுவதையும் எடுத்து, 'இடம்பெயர்ந்தவர்' என்று போட்டிருக்கிற பேர்களைத் தனியாக எழுதச் சொன்னார். மூன்று தெருவில் முப்பத்தேழு பேர். முப்பத்தேழும் பெண்கள்.

ஜனவரி கடைசியில் நோட்டீஸ் வந்தது. இருபத்தெட்டாம் தேதி காலை பதினோரு மணிக்குத் தாலுகா அலுவலகத்தில் விசாரணை. மனுதாரர் ஆவணங்களோடு நேரில் வர வேண்டும். தவறினால் மனு தள்ளுபடி. அன்றைக்கு இத்தா முடிய இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

இர்பான் வழியில் மடக்கினான். அவன் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடமே கேட்டுவிட்டானாம். அவசியம் என்றால் பகலில் போய்விட்டு இருட்டுமுன் திரும்பலாம், மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று சொன்னாராம். ஏசி காரே ஏற்பாடு பண்ணுகிறேன் என்றான்.

"அவசியம் யாருக்கு?" என்றார் கபீர். "தப்புப் பண்ணுனவனுக்குத்தானே அவசியம்? அவன் வரட்டும்."

"பெரியப்பா, அரசாங்கம் நம்ம வீட்டுக்கு வருமா?"

"எடுக்கிறதுக்கு வந்துச்சுல்ல. வைக்கிறதுக்கும் வரும்."

இருபத்தெட்டாம் தேதி வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தொப்பியோடு, மகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அலுவலகத் தாழ்வாரத்தில் அறுபது எழுபது பேர் காத்திருந்தார்கள். உப்பளத்து ஆட்கள், பாம்பன் பக்கத்து மீனவப் பெண்கள், கைப்பிள்ளைக்காரிகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் தான் இருப்பதற்கான அத்தாட்சி. கபீர் சுவரில் சாயாமல் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

விசாரித்தது தேர்தல் பிரிவுத் துணைத் தாசில்தார் சண்முகவள்ளி. ஐம்பது வயது இருக்கும். மேசையில் கோப்புகள் மார்பளவுக்கு நின்றன. பக்கத்தில் பாண்டீஸ்வரன் நின்றான். நவம்பர் மழையில் பார்த்ததைவிட மெலிந்திருந்தான்.

மனுதாரர் எங்கே என்று கேட்டார் சண்முகவள்ளி. இத்தாவில் இருக்கிறாள், வர மாட்டாள் என்றார் கபீர். நேரில் வராவிட்டால் மனு நிற்காது என்று அவர் சொன்னார். குரலில் கடுமை இல்லை, களைப்புத்தான் இருந்தது. கபீர் நின்றுகொண்டே பேசினார்.

"வீட்டுலயே இல்லைன்னு எழுதுனது நீங்க. இருக்கான்னு பார்க்கணும்னா வீட்டுலதான் வந்து பார்க்கணும். இங்கன வரச்சொன்னா, இங்கன இருப்பா. அப்ப அங்கன இருந்தான்னு எதை வச்சு எழுதுவீங்க?"

சண்முகவள்ளி பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திருப்பினார். அலுவலர் மூன்று முறை போயிருக்கிறார், தேதி போட்டிருக்கிறது என்று படித்தார். நவம்பர் ஆறு, பத்து, பதினாலு. பதினாலாம் தேதிக்கு எதிரே: 'வீடு பூட்டியிருந்தது.'

கபீர் சிரித்துவிட்டார். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

"நவம்பர் பதினாலு என் மச்சானுக்கு நாப்பதாம் ஃபாத்திஹா. தெருவை அடைச்சுப் பந்தல் போட்டு முந்நூறு பேரு சாப்பிட்டாங்க. அந்த வீட்டுக்கு அன்னைக்குப் பூட்டுப் போட்டிருந்துச்சா? அம்மா, நாப்பதாம் நாளை விடுங்க. இத்தா வீட்டுக்கு என்னைக்குமே வெளிய பூட்டுக் கிடையாது. உள்ள ஒருத்தி இருக்கா, அதுக்குப் பேருதான் இத்தா."

சண்முகவள்ளி பாண்டீஸ்வரன் பக்கம் திரும்பினார். அவன் நெற்றி வியர்த்திருந்தது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் படிவம், பள்ளிக்கூடமும் பார்க்க வேண்டும், முப்பது நாள்தான் கெடு, மேலிருந்து தினமும் எத்தனை முடிந்தது என்று கேட்டார்கள் என்று தொடங்கினான். அதெல்லாம் தெரியும், போனாயா இல்லையா என்று அவர் கேட்டார்.

"முதத் தடவை போனேன் மேடம். மத்த ரெண்டும்…" என்று நிறுத்தினான். "எங்க ஊருப் பக்கம் புருசன் செத்துட்டா பொம்பளை பிறந்த வீட்டுக்குப் போயிருவாக. இந்த அய்யா வந்து, என் தங்கச்சி, அவ விஷயம் இனி என்கிட்ட, என் வீட்டுக்கு வான்னாரு. அண்ணன் வீட்டோட போயிட்டாகன்னு நெனச்சேன். மத்த வீடுகள்லயும் அப்படித்தான், கலியாணம் ஆனவுகளை மாப்பிள்ளை ஊருக்குப் போயிருப்பாகன்னு… இவரு என்னை உள்ளயே விடலை மேடம். வாசல்லயே விரட்டிட்டாரு. கேளுங்க."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கபீரைப் பார்த்தார்கள். சூஃபியாவும் பார்த்தாள், அவளுக்கு இது புதுச் செய்தி. கதவுக்கு வெளியே, தானாகவே வந்து சேர்ந்திருந்த இர்பான் நின்றுகொண்டிருந்தான். எழுபத்து மூன்று வயதுப் பெரிய மனுஷரின் வார்த்தைக்கு எதிரே பொய்த் தேதி போட்ட ஒரு பையனின் வார்த்தை எடுபடாது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அதோடு அவன் கதை முடிந்தது. கபீருக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் குடும்பத்து வியாபாரம் கொழும்பு வரைக்கும் சீட்டு இல்லாமல் வாய்வார்த்தையிலேயே நடந்தது. அந்த வாய் இது.

"ஆமா. விரட்டுனேன்" என்றார். "அவ பேரை அந்நியன் சொன்னது எனக்கு ஒப்பலை. அவளுக்கு வந்த படிவத்தை அவளைக் கேக்காமத் திருப்பி அனுப்புனேன். அவ கேட்டப்பவும் வரும், வரும்னு சொல்லிவச்சேன். இதை என் பேருல எழுதிக்கங்க, கையெழுத்துப் போடுறேன்."

பாண்டீஸ்வரன் இதை எதிர்பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

கபீர் நிறுத்தவில்லை. "ஆனா அம்மா, நான் ஒரு கிழவன், என் புத்தி எனக்கு. நான் வாசலை மறிச்சா அது என் வீட்டுக் கோளாறு. அதை வச்சு அரசாங்கம் ஒரு பொம்பளையை இல்லைன்னு எழுதலாமா? என் மேல என்ன வேணும்னாலும் எழுதுங்க. அவ மேல எழுதாதீங்க."

பிறகு சூஃபியா எழுதிய தாளை மேசைமேல் வைத்து விரித்தார்.

"எங்க ஊர்ல முப்பத்தேழு பொம்பளைங்க இடம்பெயர்ந்துட்டாங்கன்னு எழுதிருக்கீங்க. எங்க ஊர்ல இடம்பெயர்றவன் ஆம்பளை. நான் இடம்பெயர்ந்து நாப்பத்தேழு வருசம் ஆச்சு, என் பேரு பட்டியல்ல பத்திரமா இருக்கு. பிறந்த வீட்டை விட்டு ஒரு நாள் அசையாதவ பேரு இல்லை. மனு தள்ளுபடின்னா எழுதிக் குடுங்க. காரணத்தையும் உங்க கைப்பட எழுதிக் குடுங்க. எழுதுற வரைக்கும் நான் அந்த பெஞ்சிலதான் இருப்பேன்."

சொன்னபடியே போய் உட்கார்ந்தார். சூஃபியா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, மாமிக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டாள். தெரியாது என்றார். மதியச் சாப்பாட்டு நேரம் போயிற்று. சண்முகவள்ளி அடுத்தடுத்த ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார். இடையிடையே அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். ஒரு தடவை சட்டப் புத்தகத்தை வரவழைத்துப் புரட்டினார். மூன்று மணிக்கு வெளியே வந்து பெஞ்சின் முன்னால் நின்றார். நேரில் போய் விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இருக்கிறது, நாளைக்குப் பதினோரு மணிக்கு வருகிறேன் என்றார்.

"இவ்வளவு நாள் ஏன் யாரும் போகலைன்னு கேக்காதீங்க, பெரியவரே."

மறுநாள் சொன்ன நேரத்துக்கு ஜீப் தெருமுனையில் நின்றது. சண்முகவள்ளி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். கபீரும் பின்னாலேயே போனார். உள்கட்டு வாசலில் சண்முகவள்ளி திரும்பி நின்றார்.

"நீங்க வெளிய இருங்க ஐயா. வாக்காளர்கிட்ட நான் தனியாத்தான் கேக்கணும்."

அந்த வீட்டில் பிறந்தவரை, அந்த வீட்டில் யாரும் அதுவரை வெளியே இரு என்று சொன்னதில்லை. கபீர் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு போனார். நவம்பரில் அந்தப் பையன் எந்தப் படியில் நனைந்துகொண்டு நின்றானோ அந்தப் படியில் போய் நின்றார். பாண்டீஸ்வரன் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்கள். கடல்காற்று வீட்டுக்குள்ளிருந்து குரல்களைக் கொண்டுவந்தது.

பேர், வயது, எத்தனை வருடமாக இந்த வீட்டில் என்று சண்முகவள்ளி கேட்டார். பிறந்ததிலிருந்து என்று பதில் வந்தது. நவம்பர் மாதம் எங்கேயாவது போயிருந்தீர்களா? இல்லை. அலுவலர் வந்தது தெரியுமா? தெரியாது, நேற்றுத்தான் காக்கா வந்து சொன்னார், அவரே திருப்பி அனுப்பியதாக. உங்கள் தரப்பில் சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?

தாஜுன்னிசா பேசினாள். வெளியே இருப்பவருக்கும் சேர்த்துத்தான் பேசினாள்.

"வந்த பிள்ளை என்னைக் கேக்கலை. என் காக்காவும் என்னைக் கேக்கலை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை, இந்தப் பக்கம் ஒரு ஆம்பளை, ரெண்டு பேருமாப் பேசி என்னை இந்த வீட்டை விட்டே அனுப்பிட்டாங்க. படிவத்தைக் கதவு இடுக்குல தள்ளிவிட்டிருந்தா நான் எழுதிக் குடுத்திருப்பேன். போட்டோ குடுக்கிறதா வேண்டாமான்னு நான்தானே சொல்லணும்?"

கபீரின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

"காக்காவை விடுங்க. அவரு எங்க வீட்டு ஆளு, அவரை நான் பார்த்துக்கிறேன். உங்களுக்குச் சட்டம் இருக்கு. அவரு ஒரு தடவை போன்னு சொன்னா நீங்க நாலு தடவை வரணும். இவரு இல்லாட்டி இன்னொருத்தரு. பொம்பளையைப் பார்க்கணும்னா ஒரு பொம்பளையை அனுப்பணும், இன்னைக்கு நீங்க வந்த மாதிரி. ஓட்டு என்னோடதுதான். ஆனா என் பேரை அந்தப் பட்டியல்ல காவல் காக்கிறது உங்க வேலை. அது உங்க இரக்கத்துல வாரதில்லை."

சண்முகவள்ளி எழுதினார். எழுதி முடித்ததும் கபீரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். கபீர் படித்துப் பார்த்தார். மனுதாரர் மேற்படி வீட்டிலேயே தொடர்ந்து வசித்துவருகிறார். நேரில் விசாரிக்கப்படாமல் இடம்பெயர்ந்தவர் என்று பதிவானது தவறு. பெயர் நீக்கம் ரத்து செய்யப்படுகிறது. அலுவலரின் இரண்டாம் மூன்றாம் வருகைப் பதிவு உண்மையல்ல. முதல் வருகையில் மனுதாரரின் சகோதரர் அவருக்குத் தெரிவிக்காமல் படிவத்தை மறுத்தார். அந்தக் கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றார். பேரனும் கொள்ளுப்பேரனும் என்றைக்காவது எடுத்துப் படிக்கலாம். வாப்பா பேரையும் சேர்த்து முழுக் கையெழுத்தாகப் போட்டார்.

"ஒரு வாரத்துல பேரு வந்துரும்மா" என்றார் சண்முகவள்ளி, கோப்பை மூடிக்கொண்டே.

"வரலைன்னா?"

"வரலைன்னா ஒரு மனு போட்டு…"

"இனி மனு இல்லை" என்றாள் தாஜுன்னிசா. "வரலைன்னா நீங்க மறுபடி வரணும். நான் இங்கனதான் இருப்பேன்."

சண்முகவள்ளியின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. சரி என்றார். எழுந்தவரைத் தாஜுன்னிசா விடவில்லை. இன்னும் முப்பத்தாறு பேர் இருக்கிறார்களே, அவர்களையெல்லாம் தாலுகா அலுவலகத்துக்கு வரச் சொல்லப்போகிறீர்களா என்று கேட்டாள். அவர்கள் மனு கொடுக்கவில்லையே என்றார் சண்முகவள்ளி. எடுக்கும்போதும் யாரும் மனு கொடுக்கவில்லையே என்றாள் இவள். சண்முகவள்ளி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் இருந்த காகிதக் கட்டை எடுத்துவரும்படி பாண்டீஸ்வரனிடம் சொன்னார்.

கபீர் சண்முகவள்ளியிடமிருந்து சூஃபியாவின் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாசலுக்கு வந்ததும் பாண்டீஸ்வரன் தயங்கி, அய்யா, பேரை நான் கூப்பிடவா, நீங்க கூப்பிடுறீகளா என்று கேட்டான். அவன் அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை.

மூன்று தெருவிலும் கபீரைத் தெரியாதவர்கள் இல்லை. அடுத்த வீட்டுப் பெண்ணின் பேரை அவர் தெருவில் உச்சரித்து யாரும் கேட்டதில்லை; இன்னார் மகள், இன்னார் வீட்டுக்காரி என்பதோடு முடிந்துவிடும். எதிர் வீட்டு ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. இர்பான் சைக்கிளை நிறுத்திவிட்டு, பெரியப்பா என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கபீர் அடுத்த வீட்டு முதல் படியில் ஏறி நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். தாளில் முதல் பேரைப் பார்த்தார்.

"ஜஸீலா" என்று தெருமுனை வரை கேட்கும்படி கூப்பிட்டார்.

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"இருக்கேன். யாரு என்னைக் கேக்குறது?"